சித்திரசாலை: தேநீர்க் கூடத்தில் ஒரு சிறுவன்

சித்திரங்களில் சில, தூரத்தில் நிற்கும்போதே நம்மைக் கைதட்டி அழைப்பவை. வேறு சில, நாமாக அருகே சென்று குனிந்து நோக்கினாலொழியத் தம் ரகசியத்தைச் சொல்லமாட்டா. இவ்வாரம் நேயர்களை நாம் அழைத்துச் செல்வது இரண்டாவது வகையைச் சேர்ந்த ஒரு படத்தினிடம். பிரான்ஸ் தேசத்து வெர்ஸேல்ஸ் அரண்மனைப் பொருட்காட்சிச் சாலையில் அது இருக்கிறது. உயரம் 53 சென்டிமீட்டர், அகலம் 68 சென்டிமீட்டர். அதாவது அகலவாட்டில் ஒன்றரை முழம். ‘நான்கு கண்ணாடிக் கூடத்தில் ஆங்கிலேயப் பாணித் தேநீர்’ என்று பொருள்படும் பெயர் அதற்கு. தீட்டியவர் மிஷேல் பார்த்தெலெமி ஒலிவியே. தீட்டிய ஆண்டு 1766. ஒலிவியே 1712-இல் மார்ஸேல்ஸ் பட்டணத்தில் பிறந்தவர்; கோந்தி இளவரசர் என்னும் பெரும் பிரபுவின் ஆதரவில் இருந்து, அவர் மாளிகையில் நடந்த விருந்துகளையும் வேட்டைகளையும் தீட்டி வந்தவர். மகா சித்திரக்காரர்களின் வரிசையில் அவரை யாரும் சேர்ப்பதில்லை. ஆனால் கண்ணுக்கு முன் இருந்ததைக் கண்டபடி எழுதிவைத்த நேர்மை அவரிடம் இருந்தது. அந்த நேர்மைக்காகவே இன்று அவரைத் தேடிச் செல்கிறோம்.

முதலில் கூடத்தைப் பார்ப்போம். சித்திரக்காரரே அதற்குத்தான் முதலிடம் கொடுத்திருக்கிறார். படத்தில் சரிபாதிக்கு மேல் சுவர்தான். மென்மையான வெளிர் நிறத்தில் இழைத்த பலகைச் சுவர், ஆளுயரத்துக்கும் மேற்பட்ட நிலைக்கண்ணாடிகள், நெடிய சாளரங்கள், அவற்றின் வழியே வரும் பகல் வெளிச்சம். இத்தனைக்கும் அடியில், கொலுவில் வைத்த பொம்மைகளைப் போல, சிறிய சிறிய மனிதர்கள். ஏறக்குறைய இருபது பேர் இருப்பார்கள். ஆண்கள் தலையில் மாவு தூவிய பொய்ம்முடி; பெண்கள் உடலில் தரையைத் தொடும் பட்டு. சிலர் மேஜையைச் சூழ்ந்து சிற்றுண்டி அருந்துகிறார்கள். சீமாட்டிகள் சிலர் தாமே தட்டேந்திப் பரிமாறுகிறார்கள். ஒருவர் எதையோ வாசிப்பதில் மூழ்கியிருக்கிறார். மற்றவர்கள் இருவர் மூவராகச் சேர்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். வீட்டுக்கு உடையவரான கோந்தி இளவரசரோ நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறார்.

இடது பக்கம் திரும்பினால் ஹார்ப்ஸிகார்ட் வாத்தியம் ஒன்று இருக்கிறது. கிதாரும் கையுமாக ஒருவர் அதனருகே இருக்கிறார். வாத்தியத்தின் முன்னால், பெரியவர்களின் உடையையே சிறிதாக வெட்டித் தைத்து அணிவித்தது போன்ற உடையில், ஒரு சிறுவன். அவன் வயது பத்து. பெயர் வொல்ப்காங் மோஸார்ட்.

மேனாட்டுச் சங்கீதத்தில் சிறிதேனும் பழக்கமுள்ளவர்களுக்கு அந்தப் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் படம் வேறாகிவிடும். அதுவரை கண் கூட்டத்தில் உலவியிருக்கும். இப்போது சிறுவனை விட்டு அகலாது. ஆனால் படத்திலுள்ளவர்களுக்கு அந்தப் பெயர் அப்படி ஒன்றும் செய்யவில்லை. அவர்களில் பெரும்பாலோரின் முகம் வாத்தியத்தின் பக்கம் இல்லை. கோப்பையின் பக்கம் இருக்கிறது. பக்கத்திலுள்ளவரின் பக்கம் இருக்கிறது. இவர்கள் யார், ஏன் இப்படி இருக்கிறார்கள், இப்படி இருந்தது அந்தச் சிறுவனை என்ன செய்தது என்பனவே இன்று நாம் விசாரிக்க விரும்பும் விஷயங்கள்.

முதலில் காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பிரான்ஸில் 72 ஆண்டுகள் அரசு வீற்றிருந்த பதினான்காம் லூயி மன்னன் 1715-இல் காலமானான். அவன் இருந்தவரையில் பிரபுக்கள் எல்லோரும் வெர்ஸேல்ஸில் அவன் கண் முன்னால் காத்துக்கிடந்தார்கள். அவன் கண்ணை மூடியதும் பாரிஸ் நகரத்துக்குத் திரும்பி, சொந்த மாளிகைகளில் வாழத் தொடங்கினார்கள். அரசவை மண்டபத்தின் பிரம்மாண்டம் சொந்த வீட்டுக்கு எதற்கு? வெளிர் வர்ணம், மெல்லிய பொன் வேலை, கொடிபோல் வளைந்து நெளியும் கோடுகள், சுவருக்குச் சுவர் கண்ணாடி என்று ஒரு புதிய ரஸனை பிறந்தது. சிப்பியும் கல்லும் பதித்துச் செய்யும் ஒருவகை அலங்கார வேலைக்குப் பிரெஞ்சில் உள்ள பெயரிலிருந்து, ‘ரொக்கோகோ’ என்று பிற்காலத்தார் பாதி கேலியாக அதற்குப் பெயரிட்டார்கள்.

அந்தப் பாணியின் முதற்பெரும் சித்திரக்காரர் அந்துவான் வத்தோ. 1717-இல் பாரிஸ் சித்திரக் கழகம் அவரை அங்கத்தினராக ஏற்றது. 1721-இல் தம் 36-வது வயதிலேயே அவர் மறைந்துவிட்டார். வத்தோவின் படங்களில் சோலைகளும், பட்டுடுத்த காதலர்களும், அவர்களுக்கு நடுவே கிதாரோ குழலோ வாசிப்பவரும் திரும்பத் திரும்ப வருவார்கள். வெனிஸ் நகரத்தில் பியெத்ரோ லோங்கி என்பவர் 1741-இல் ‘சிறு கச்சேரி’ என்று ஒரு படம் தீட்டினார். அதில் மூவர் பிடில் வாசிக்கிறார்கள். பின்னால் பாதிரிமார்கள் சீட்டாட்டத்தில் ஆழ்ந்திருக்கிறார்கள். பார்க்கும்போது சிரிப்பு வரும். ஆக, சங்கீதம் ஒரு பக்கம் நடக்க, மற்ற காரியங்கள் மறு பக்கம் நடப்பது ஒலிவியே புதிதாகக் கண்டுபிடித்த காட்சி அன்று. அக்காலத்துப் பெரிய வீடுகளில் அதுவே வழக்கம்.

இப்போது வீட்டைப் பார்ப்போம். பாரிஸில் ‘டெம்பிள்’ என்று வழங்கிய மதிலும் கோபுரமும் சூழ்ந்த பழைய வளாகம் அது. இடைக்காலத்தில் டெம்ப்ளர் என்ற போர்த்துறவிகள் கட்டியது. பின்னர் மால்டா வீரசங்கத்தின் கைக்கு வந்தது. அந்தச் சங்கத்தின் பிரான்ஸ் தலைமைப் பதவியை 1749-இல் கோந்தி இளவரசர் பெற்றார். மாளிகையும் அதனுடன் வந்தது. அரச குடும்பத்தின் கிளை ஒன்றில் பிறந்தவர். ஆனாலும் அரசரோடு ஒத்துப்போகாதவர். பாரிஸ் நீதிமன்றத்தின் கைது ஆணைக்குத் தப்பியலைந்த ரூஸோவுக்கு 1765-66 குளிர்காலத்தில் அந்த மதிலுக்குள் இடமளித்தவர் அவர்தாம். ரூஸோ அங்கிருந்து இங்கிலாந்துக்குப் போன சில மாதங்களுக்கெல்லாம் மோஸார்ட் குடும்பத்தார் பாரிஸுக்கு வந்து சேர்ந்தார்கள்.

ஆகவே அந்தக் கூடத்தில் கூடியவர்களை ஒன்றுமறியாதவர்கள் என்று தள்ளிவிட முடியாது. அறிஞர்களும், இலக்கியம் பேசும் சீமாட்டிகளும், கணித நிபுணர் மேரானைப் போன்றவர்களும் வந்து போன இடம் அது. கிதாருடன் இருப்பவரும் சாதாரண மனிதரல்லர். அவர் பெயர் பியேர் ஜெலியோத். பாரிஸ் இசை நாடக அரங்கின் தலைசிறந்த பாடகராயிருந்து 1755-இல் ஓய்வு பெற்றவர். ரூஸோ சொந்தமாகப் பாட்டும் மெட்டும் அமைத்த ‘கிராமத்துக் குறிசொல்லி’ என்ற இசை நாடகம் 1752-இல் அரசர் முன்னிலையில் அரங்கேறியபோது அதில் கதாநாயகனாகப் பாடியவர் அவரே. அதே கதையைத் தழுவி இந்தச் சிறுவன் தன் பன்னிரண்டாவது வயதில் ஒரு சிறு இசை நாடகம் எழுதப் போகிறான். அது அந்தக் கூடத்தில் யாருக்குத் தெரியும்?

‘ஆங்கிலேயப் பாணித் தேநீர்’ என்பதற்கும் பொருள் சொல்லவேண்டும். சீனத்திலிருந்து கப்பலேறி வரும் தேயிலை அப்போது விலையுயர்ந்த சரக்கு. அதைவிட முக்கியமான விசேஷம் வேறொன்று. பிரெஞ்சு முறைப்படி விருந்து நடந்தால் ஒவ்வொரு நாற்காலியின் பின்னாலும் ஒரு பணியாள் நிற்பான். ஆங்கிலேய முறையில் பணியாட்களை வெளியே அனுப்பிவிட்டு, வீட்டுப் பெண்மணிகளே பரிமாறிக்கொள்வார்கள். பணியாளின் காது இல்லாத இடத்தில் மனம் விட்டுப் பேசலாம் அல்லவா? அந்தக் கூட்டத்தின் சிறப்பே பேச்சுத்தான். சங்கீதம் அந்தப் பேச்சுக்குப் பின்னால் விரித்த திரை.

வாத்தியத்தின் இயல்பையும் நேயர்கள் மனத்தில் கொள்ளவேண்டும். ஹார்ப்ஸிகார்ட் பார்வைக்குப் பியானோவைப் போலிருக்கும், உள்ளே வேறு. பியானோவில் கட்டையை அழுத்தினால் சுத்தி கம்பியை அடிக்கிறது. பலமாக அழுத்தினால் பலமாக ஒலிக்கும். ஹார்ப்ஸிகார்டில் பறவை இறகின் தண்டு கம்பியைச் சுண்டுகிறது. எவ்வளவு ஓங்கி அழுத்தினாலும் நாதம் ஏறக்குறைய ஒரே அளவுதான். கிதாரும் மெல்லிய வாத்தியமே. இரண்டையும், உயர்ந்த விதானமுள்ள கூடத்தில், இருபது பேர் கோப்பையும் கரண்டியுமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது வாசித்தால் என்ன கேட்கும்? வாத்தியத்தின் பக்கத்தில் இருப்பவருக்கு மாத்திரமே முழுதும் கேட்கும். உரக்க வாசித்துச் சபையைத் தன் பக்கம் திருப்பும் வசதியும் அந்தச் சிறுவனுக்கு இல்லை.

இனி சிறுவனின் கதை. ஆஸ்திரியப் பக்கத்து ஸால்ஸ்பர்க் நகரில் 1756 ஜனவரி 27-இல் பிறந்தவன். தந்தை லியோபோல்ட், அந்நகர ஆர்ச்பிஷப்பின் வாத்திய கோஷ்டியில் பிடில் வித்வான்; பிடில் கற்பிக்கும் முறையைப் பற்றி நூல் எழுதிய நல்லாசிரியர். அவருக்கு இரண்டு குழந்தைகள் நிலைத்தார்கள். மூத்தவள் மரியா அன்னா. வீட்டில் நானெர்ல் என்று அழைப்பார்கள். 1751-இல் பிறந்தவள். இருவருக்கும் தெய்வ கடாக்ஷம் என்று சொல்லத்தக்க வித்தை அமைந்திருந்தது. தந்தை 1763 ஜூன் மாதம் மனைவியையும் குழந்தைகளையும் வண்டியிலேற்றிக்கொண்டு புறப்பட்டார். ம்யூனிக், பிரஸல்ஸ், பாரிஸ், லண்டன், ஹேக் என்று ஊர் ஊராகச் சுற்றி, 1766 நவம்பர் கடைசியில் வீடு திரும்பினார். மூன்றரை ஆண்டுகள். நடுவே 1765-இல் ஹாலந்தில் இரு குழந்தைகளுக்கும் கடுமையான ஜுரம் கண்டது. நானெர்லுக்கு மரணத் தறுவாயில் செய்யும் கிறிஸ்தவச் சடங்கைக்கூடச் செய்துவிட்டார்கள். பிழைத்தெழுந்து சில மாதங்களே ஆன நிலையில்தான் பாரிஸில் இந்தத் தேநீர் விருந்து.

குழந்தைகளின் வித்தையைப் பெற்றோர் ஊருக்குக் காட்டுவது சரியா என்று நம்மைக் கேட்டால், பிள்ளைகளுக்குப் போதிப்பதையே தொழிலாகக் கொண்ட நாம் ஒரே வார்த்தையில் விடை சொல்ல முடியாது. அந்தப் பயணத்தில் சிறுவன் கேட்ட சங்கீதமும், கண்ட வித்வான்களும் பின்னால் அவனுக்கு ஆஸ்தியாயின. லண்டனில் யோஹான் கிறிஸ்டியான் பாக் போன்ற மேதையின் அன்பு கிடைத்தது. பாரிஸில் 1764-இல் அவன் இயற்றியவை முதன்முதலாக அச்சேறின. இவையெல்லாம் ஒரு தட்டில். மறு தட்டில் மூன்றரை ஆண்டு வண்டிக் குலுக்கலும், நோயும், அந்நியர் கூடங்களில் பெரியவர்களின் சௌகரியத்துக்குக் காத்திருந்து வாசித்த மாலைகளும். தராசின் முள் எந்தப் பக்கம் சாயும் என்பதை அவரவர் வீட்டுக் குழந்தையை மனத்தில் வைத்து நேயர்களே தீர்மானிக்கட்டும்.

படத்தில் இல்லாத ஒருத்தியைப் பற்றியும் நாம் சொல்லியாகவேண்டும். 1763-64-இல் பாரிஸில் கார்மோந்தெல் என்பவர் மோஸார்ட் குடும்பத்தை நீர்வர்ணத்தில் எழுதினார். அதில் தந்தை பிடில் வாசிக்க, தம்பி ஹார்ப்ஸிகார்டின் முன் அமர்ந்திருக்க, அக்காள் கையில் ஏடேந்திப் பாடுகிறாள். ஒலிவியேயின் படத்தில் அவள் இல்லை. 1769-இல் தந்தை இத்தாலிக்குப் புறப்பட்டபோது மகனை மட்டும் அழைத்துச் சென்றார். பதினெட்டு வயது மகள் வீட்டிலேயே நின்றாள். அவள் இயற்றிய ஒரு பாட்டைக் கண்டு வியந்து 1770-இல் தம்பி கடிதம் எழுதினான். அந்தப் பாட்டு இன்று இல்லை. அவள் இயற்றியதாக ஒரு வரி ஸ்வரம்கூட நமக்குக் கிட்டவில்லை. 1784-இல் விவாகமாகிச் சிற்றூர் ஒன்றில் வாழ்ந்து, கணவர் காலமானபின் ஸால்ஸ்பர்க் திரும்பிப் பிள்ளைகளுக்குப் பியானோ கற்பித்து, 1829-இல் மறைந்தாள். தம்பியைக் கவனியாமல் தேநீர் அருந்தியவர்களை நாம் குறைகூறுகிறோம். அக்காளுக்கோ அப்படிக் கவனியாமலிருக்கும் ஒரு சபைகூட அதன்பின் வாய்க்கவில்லை.

பெரிய மனிதர்கள் இந்தக் குழந்தைகளுக்கு என்ன கொடுத்தார்கள்? பணமும் கொடுத்தார்கள், ஆனால் பெரும்பாலும் கடிகாரம், பொடி டப்பி, மோதிரம் முதலிய சன்மானங்கள். டப்பிகளை வைத்து ஒரு கடையே திறக்கலாம் போலிருக்கிறது என்று தந்தை ஊருக்கு எழுதினார். மகன் வளர்ந்து 1777-இல் மான்ஹைம் நகரில் வாசித்தபோதும் கிடைத்தது ஒரு பொற்கடிகாரம்; அது ஐந்தாவது. காற்சட்டையில் இரு பக்கமும் கடிகாரப் பை தைத்துக்கொண்டு, பிரபுக்களைப் பார்க்கப் போகும்போதெல்லாம் இரண்டு கடிகாரங்களைத் தொங்கவிடப் போவதாக அவர் தந்தைக்கு வேடிக்கையாக எழுதினார். மேற்கொண்டு யாரும் கடிகாரம் கொடுக்கத் துணியமாட்டார்கள் அல்லவா! வேடிக்கைக்கு அடியில் உள்ள கசப்பு நமக்குப் புரிகிறது. சன்மானம் கொடுப்பவரின் பெருமையைக் காட்டும். கூலியே வாங்குபவரின் உழைப்பை மதிக்கும். பயணத்தில் வண்டிக்காரனுக்கும் விடுதிக்காரனுக்கும் பொடி டப்பியைக் கொடுத்துத் தீர்த்துவிட முடியாது.

ஒலிவியேயின் படம் பொதுஜனங்கள் பார்க்கும்படி பாரிஸ் சித்திரக் கண்காட்சியில் வைக்கப்பட்டது 1777-இல். கோந்தி இளவரசர் அதற்கு முந்திய ஆண்டே காலமாகிவிட்டார். அதே 1777-இன் செப்டம்பரில், 21 வயது வாலிபராகிவிட்ட மோஸார்ட், ஸால்ஸ்பர்க் சேவகத்தை விட்டு வேலை தேடித் தாயுடன் புறப்பட்டார். 1778 மார்ச்சில் மறுபடியும் பாரிஸ் வந்தார். அதிசயக் குழந்தையை அறிந்திருந்த பாரிஸ், வளர்ந்த வித்வானை அறிய அவசரப்படவில்லை.

அவ்வாண்டு மே முதல் தேதி அவர் தந்தைக்கு எழுதிய கடிதம் ஒன்று நம் படத்துக்கு உரை எழுதினாற்போல இருக்கிறது. ஷாபோ என்ற டியூக்கின் மனைவியைக் காணச் சென்றார். கணப்பு இல்லாத, பனிபோல் குளிர்ந்த பெரிய அறையில் அரை மணி நேரம் காக்கவைத்தார்கள். சீமாட்டி வந்தாள், அங்கிருந்த வாத்தியத்தை வாசிக்கச் சொன்னாள். விரல்கள் விறைத்திருக்கின்றன, கணப்புள்ள அறைக்குப் போகலாமா என்று அவர் கேட்டார். அவள் சரியென்று சொல்லிவிட்டு, மேஜையைச் சுற்றி மற்றப் பிரபுக்களோடு உட்கார்ந்து படம் வரையத் தொடங்கிவிட்டாள். ஒரு மணி நேரம் சென்றது. கதவும் ஜன்னலும் திறந்தபடி. கடைசியில் அந்த மட்டமான வாத்தியத்திலேயே அவர் வாசித்தார். அப்போதும் வரைவதை ஒருவரும் நிறுத்தவில்லை. நாற்காலிக்கும் மேஜைக்கும் சுவருக்குமாகத் தாம் வாசித்ததாக அவர் எழுதுகிறார். பாதியிலேயே எழுந்துவிட்டார்.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. சிறிது நேரத்தில் டியூக் உள்ளே வந்தார். வாத்தியத்தின் அருகே உட்கார்ந்து, முழுக் கவனத்துடன் கேட்டார். அவ்வளவுதான், குளிரும் தலைவலியும் மறந்துபோய், வாத்தியத்தின் மட்டத்தையும் பொருட்படுத்தாமல் மோஸார்ட் மனமகிழ்ச்சியோடு வாசித்தார். இருபது பேர் வேண்டாம். பெரிய கூடம் வேண்டாம். ஐரோப்பாவிலேயே சிறந்த வாத்தியமும் வேண்டாம். கேட்கும் காது ஒன்று வேண்டும். அந்தக் காதைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் கோந்தி மாளிகைக் கூடத்தில் அவர் எத்தனை முறை தேடியிருப்பாரோ!

அதே பாரிஸில் வேறொரு வகைக் கேள்விமுறையும் அப்போது வளர்ந்து வந்தது. ‘கோன்ஸேர் ஸ்பிரித்துயேல்’ என்ற பெயரில் 1725 முதல் டுயிலரி அரண்மனை மண்டபத்தில் கச்சேரிகள் நடந்து வந்தன. கட்டணம் செலுத்தியவர் யாராயினும் உள்ளே வரலாம். 1778 ஜூன் 18-ஆம் தேதி அங்கே மோஸார்ட்டின் புதிய ஸிம்பொனி ஒன்று அரங்கேறியது. பாரிஸ் வாத்திய கோஷ்டிகள் கடைசிப் பகுதியை எல்லா வாத்தியங்களும் சேர்ந்து முழக்கித் தொடங்குவது வழக்கம் என்பதை அவர் கவனித்திருந்தார். ஆகவே வேண்டுமென்றே இரு பிரிவு பிடில்களை மட்டும் மெல்ல வாசிக்கவிட்டு, எட்டு அளவைகளுக்குப் பிறகே முழக்கம் வரும்படி எழுதினார். அவர் எதிர்பார்த்தபடியே நடந்தது. பிடில்களின் மெல்லிய ஒலி கேட்டதும் ஜனங்கள் ஒருவரையொருவர் பேசாதிருக்கும்படி அடக்கினார்கள். முழக்கம் வந்ததும் கைகொட்டினார்கள். மகிழ்ச்சியோடு வெளியே வந்து, பனிக்கூழ் வாங்கிச் சாப்பிட்டு, நேர்ந்துகொண்டபடி ஜபமாலை சொல்லிவிட்டு வீடு சேர்ந்தார்.

கவனியுங்கள். பேச்சோடு பேச்சாக ஒலித்துக் கலந்துபோன சங்கீதம், இங்கே பேச்சை நிறுத்தும் வல்லமை பெற்றுவிட்டது. கோந்தி இளவரசரின் கூடத்தில் இருந்தவர்களுக்கு அந்தச் சிறுவன் வீட்டின் அலங்காரங்களில் ஒன்று. கட்டணம் கொடுத்து வந்தவர்களுக்கோ சங்கீதமே காரியம். ஆயினும் அந்த வெற்றியை அனுபவிக்க விதி விடவில்லை. ஜூலை 3-ஆம் தேதி பாரிஸிலேயே அவருடைய தாயார் காலமானாள்.

ஸால்ஸ்பர்க் திரும்பியவருக்குப் பழைய சேவகமே காத்திருந்தது. 1781-இல் ஆர்ச்பிஷப் வியன்னா சென்றபோது அவரையும் வரவழைத்தார். சாப்பாட்டு மேஜையில் ஏவலாளர்களுக்கும் சமையற்காரர்களுக்கும் மத்தியில் இடம். சமையற்காரர்களுக்கு ஒருபடி மேலே உட்காரும் கௌரவம் கிடைத்ததென்று அவர் கசப்போடு எழுதினார். அவ்வாண்டு ஜூனில் ஆர்ச்பிஷப்பின் அதிகாரியான ஆர்க்கோ பிரபு அவரை உதைத்து வெளியே தள்ளினார். அன்றோடு அவர் எவருடைய சேவகத்திலும் இல்லாத சுதந்தர மனிதரானார். சந்தா சேர்த்துக் கச்சேரி நடத்தினார். 1784-இல் சேர்ந்த சந்தாதாரர்கள் 174 பேர் என்று தந்தைக்குப் பெருமையோடு பட்டியல் அனுப்பினார். ஆனால் ஜனங்களின் ரஸனையும் பிரபுக்களின் தயவைப் போலவே நிலையற்றதுதான். 1789-இல் சந்தாப் பட்டியலைச் சுற்றுக்கு விட்டபோது திரும்பி வந்தது ஒரே ஒரு பெயர். 1791 டிசம்பர் 5-ஆம் தேதி, 36 வயது நிரம்பாமலே அவர் காலமானார். சுதந்தரத்துக்கு அவர் கொடுத்த விலை சிறிதன்று. ஆயினும் பழைய இடத்துக்குத் திரும்பவேண்டுமென்று அவர் விரும்பியதில்லை.

கூடத்தின் கதையையும் சொல்லி முடித்துவிடுகிறோம். பிரெஞ்சுப் புரட்சியில் 1792 ஆகஸ்டில் பதினாறாம் லூயி மன்னனையும் அவன் குடும்பத்தையும் இதே டெம்பிள் வளாகத்துக் கோபுரத்தில் சிறைவைத்தார்கள். மன்னன் 1793 ஜனவரியில் அங்கிருந்துதான் கொலைக்களத்துக்குச் சென்றான். தாயையும் பிரித்துக் கொண்டுபோனபின், அவர்களுடைய பாலகன் 1795 ஜூனில் அந்தக் கோபுரத்திலேயே நோய்வாய்ப்பட்டு இறந்தான். அவனுக்கும் வயது பத்து. கோபுரத்தை 1808 முதல் இடித்தார்கள். மாளிகையும் 1853-இல் போயிற்று. இன்று அங்கே ஒரு சிறு பூங்கா இருக்கிறது. நான்கு கண்ணாடிக் கூடம், அதன் பலகைச் சுவர், அதில் எதிரொலித்த சாமர்த்தியமான பேச்சு எல்லாம் இந்த ஒன்றரை முழத் துணியில் மட்டுமே மிச்சம்.

அந்தப் பேச்சு என்னவென்று யாருக்கும் இப்போது தெரியாது. இளவரசர் எவரிடம் என்ன சொல்லிக்கொண்டிருந்தார், வாசித்தவர் எதை வாசித்தார் என்பவற்றைக் கேட்க ஒருவரும் வெர்ஸேல்ஸுக்குப் போவதில்லை. ஓரத்தில் சிறிதாக எழுதிய அந்தச் சிறுவனைத்தான் எல்லோரும் தேடுகிறார்கள். சித்திரக்காரர் அவனைப் பெரிதாக்கவில்லை. அவன் தலையைச் சுற்றி ஒளிவட்டம் போடவுமில்லை. கூடத்திலிருந்தவர்கள் அவனை எந்த அளவில் கண்டார்களோ அந்த அளவிலேயே எழுதினார். அதனாலேயே படம் இன்று நம்மைச் சுடுகிறது.

எல்லா வீட்டிலும் மோஸார்ட் பிறப்பதில்லை. பிறக்கவேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் எல்லா வீட்டிலும் ஏதோ ஒரு குழந்தை பாடுகிறது, படம் வரைந்துகொண்டு ஓடி வருகிறது, பாடத்தை ஒப்பிக்கிறது. விருந்தாளிகள் வந்தால் “பாடு” என்று நாமே அழைக்கிறோம். அது இரண்டாவது அடி எடுப்பதற்குள் விட்ட பேச்சைத் தொடர்கிறோம். பாட்டு முடிந்ததும் “பேஷ்” என்கிறோம். எதற்கு “பேஷ்” என்று குழந்தைக்குத் தெரியாமலிருக்குமா? கேட்க நேரமில்லையென்றால் பாடச் சொல்லவேண்டாம், அதில் பாவமில்லை. சொன்னால், அந்த ஐந்து நிமிஷம் காப்பியை ஆறவிட்டேனும் கேட்கலாம். ஷாபோ டியூக் செய்ததற்கு மேல் யாரும் செய்யவேண்டியதில்லை. வாத்தியத்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார், அவ்வளவே. அப்படி உட்காரும்போது, தம்பி பாடி முடித்த பிறகு, கதவோரம் நிற்கும் அக்காளையும் ஒரு பாட்டுப் பாடச் சொல்லலாம்.